காலிக் கட்டமும் ஒரு சான்று

இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்ட படைவீரர் மேல்முறையீட்டில் எதைச் சான்றாக வைப்பார்? பணிக்கால மருத்துவ ஆவணங்கள் யாவும் அலுவலகத்தின் காப்பில் இருக்க, அவரிடம் எஞ்சியிருப்பது நோயுற்ற உடல் மட்டுமே. இந்தச் சமனின்மையைச் சட்டம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது.

பிரிட்டனில் இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943-இல், மெய்ப்பிக்கும் பொறுப்பு கோரிக்கையாளரிடமிருந்து நீக்கப்பட்டது. (மெய்ப்பின் அளவு குறித்து நீதிபதி டென்னிங் 1947-இல் தந்த விளக்கத்தை இன்றும் சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், அது போர் ஓய்வூதிய மேல்முறையீடு ஒன்றில் பிறந்தது என்பது அவர்களுள் பலருக்கு நினைவிருப்பதில்லை.) இந்தியாவின் 1982-ஆம் ஆண்டு விதிகளும் அவ்வழியே சென்றன. தகுதியை மெய்ப்பிக்குமாறு கோரிக்கையாளரைக் கேட்கலாகாது, நியாயமான ஐயத்தின் பயன் அவருக்கே என்றது 9-ஆம் விதி. படையில் சேர்ந்தபோது நோய்க்குறிப்பு எதுவும் பதியப்படவில்லையெனில், வெளியேற்றத்துக்குக் காரணமான நோய் பணிக்காலத்தில் எழுந்ததாகவே கொள்ளப்படும் என்றது 14-ஆம் விதி. அந்நோயைச் சேர்க்கையின்போது கண்டறிந்திருக்க இயலாது என மருத்துவர் கருதினால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

விதி ஏட்டில் இருந்தது; நடைமுறை வேறாக இருந்தது. 1985 ஜூனில் சிக்னல் படைப்பிரிவில் சேர்ந்த சிப்பாய் ஒருவர், வலிப்பு நோயால் 1994 ஏப்ரலில் வெளியேற்றப்பட்டார். இயலாமை 20 விழுக்காடு. ஓய்வூதியத்துக்கான கீழ்வரம்பும் அதுவே. பணியோடு தொடர்பில்லை என மருத்துவ வாரியம் எழுதியது. ஏன் என்று எழுதவில்லை. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஏற்ற கோரிக்கையை அமர்வு நிராகரித்தது. 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. தீர்ப்பைத் தாங்கியவை இரண்டு இன்மைகள்: சேர்க்கைப் பதிவில் நோய்க்குறிப்பு இல்லாமை, வாரியத்தின் கருத்தில் காரணம் இல்லாமை. அரசின் சொந்தப் படிவத்தில் நிரப்பப்படாத கட்டமே அரசுக்கு எதிரான சாட்சியாயிற்று.

இதற்கிடையே 2008-ஆம் ஆண்டு விதிகளில் 'சாதாரணமாக' என்றொரு வினையடை நுழைந்திருந்தது. சாதாரணமாகக் கோரிக்கையாளர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியேறி 15 ஆண்டுகளுக்குப் பின் கோரினால் பொறுப்பு அவருடையது. விதியே கூறும் காரணம் விந்தையானது: காப்புக்காலம் முடிந்து, அதற்குள் பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டிருக்கும். அழிப்பது அலுவலகம், மெய்ப்பிக்க வேண்டியவர் சிப்பாய்.