துணைவரின் பிள்ளைக்கான குடிவரவு மனு (ஐக்கிய அமெரிக்கா)

துணைவரின் பிள்ளைக்கான குடிவரவு மனு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் குடிமகன் அல்லது நிரந்தர வதிவாளர் ஒருவர், தம் கணவனோ மனைவியோ முந்தைய உறவில் பெற்ற பிள்ளைக்கு நிரந்தர வதிவுரிமை கோரி அந்நாட்டு அரசிடம் அளிக்கும் மனுவாகும். பேச்சு வழக்கில் இது 'ஸ்பான்சர் செய்தல்' எனப்படுகிறது. இதற்கான அடிப்படை 1952 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டத்தில் உள்ளது. இச்சட்டம் இரத்த உறவையோ தத்தெடுப்பையோ வேண்டுவதில்லை. பிள்ளையின் தாய் அல்லது தந்தையுடன் மனுதாரர் செய்துகொண்ட திருமணமே உறவை உண்டாக்குகிறது. எனினும் 16, 18, 21 ஆகிய வயதுகளில் வெவ்வேறு உரிமைகள் முடிவடைவதால், பதின்ம வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை எந்த நாளில் எது நடந்தது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

வரையறை

இச்சட்டத்தில் 'பிள்ளை' என்பது திருமணமாகாத, 21 வயது நிரம்பாத நபரைக் குறிக்கும். துணைவரின் பிள்ளை இவ்வரையறையுள் அடங்க மேலும் ஒரு நிபந்தனை உண்டு. உறவை உண்டாக்கிய திருமணம் நடந்த நாளில் பிள்ளைக்கு 18 வயது நிரம்பியிருக்கக் கூடாது. பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்திருந்தாலும் இது பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, 17 வயது 11 மாதம் நிரம்பிய மகனை உடைய பெண்ணை ஒரு குடிமகன் மணந்தால், அம்மகனுக்கு அவர் மனு செய்யலாம். இரண்டு மாதங்கள் கழித்து மணந்தால் மாற்றாந்தந்தை என்ற முறையில் ஒருபோதும் மனு செய்ய இயலாது. அவ்வாறான நிலையில், தாய் நிரந்தர வதிவுரிமை பெற்றபின் தம் மகனுக்குத் தாமே மனு செய்யலாம். ஆனால் அது எண்ணிக்கை வரம்புள்ள பிரிவில் அடங்குவதால் காத்திருக்க நேரிடும்.

18 வயது நிபந்தனை திருமண நாளுக்கு உரியது; மனு அளிக்கும் நாளுக்கு உரியதன்று. இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக் கொள்ளப்படுகின்றன.

மனுப் பிரிவுகள்

* உடனடி உறவினர்: குடிமகனின் 21 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளை. ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை.
* எஃப்2ஏ: நிரந்தர வதிவாளரின் துணைவரும், 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளையும்.
* எஃப்2பி: நிரந்தர வதிவாளரின் 21 வயது நிரம்பிய மணமாகாத மகன் அல்லது மகள்.
* எஃப்1: குடிமகனின் 21 வயது நிரம்பிய மணமாகாத மகன் அல்லது மகள்.
* எஃப்3: குடிமகனின் மணமான மகன் அல்லது மகள்.

முதற்பிரிவைத் தவிர மற்றவற்றுக்கு ஆண்டு வரம்பும் காத்திருப்பும் உண்டு. காத்திருப்பு வரிசையின் நிலையை வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் நுழைவிசைவு அறிக்கையில் காணலாம். நிரந்தர வதிவாளரின் பிள்ளை காத்திருக்கும் காலத்தில் திருமணம் செய்துகொண்டால், மணமானவர்களுக்கு அவ்வகையில் பிரிவு எதுவும் இல்லாததால் மனு செல்லாததாகிவிடும்.

உடனடி உறவினர் பிரிவில் சார்ந்தோர் என எவரும் சேர்க்கப்படுவதில்லை. எனவே மனைவியையும் அவருடைய மகளையும் அழைக்கும் குடிமகன் ஐ-130 எனப்படும் மனுப் படிவத்தை இருவருக்கும் தனித்தனியே அளிக்க வேண்டும். எஃப்2ஏ பிரிவில் மனைவிக்கான மனுவிலேயே மகள் சார்ந்தவராக அடங்குவார். ஆனால் மனுதாரர் இடையில் குடியுரிமை பெற்றால், மனைவி உடனடி உறவினர் பிரிவுக்கு மாற, மகளின் சார்பு நிலை அற்றுப்போகும். அவருக்குப் புதிய மனு தேவைப்படும்.

வயதுப் பாதுகாப்பு

2002 ஆகத்து 6 அன்று சட்டமான குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டத்திற்கு முன்பு, அலுவலகத் தாமதத்தால் 21 வயதைக் கடந்த பிள்ளைகள் தம் பிரிவை இழந்தனர். இச்சட்டம் பின்வரும் மாற்றங்களைச் செய்தது.

* குடிமகன் அளித்த மனுவில், மனு அளித்த நாளன்று உள்ள வயதே இறுதிவரை கணக்கில் கொள்ளப்படும்.
* பிள்ளைக்கு 21 வயது நிரம்புமுன் மனுதாரர் குடியுரிமை பெற்றால், அந்நாளில் உள்ள வயது நிலைபெறும்.
* எஃப்2ஏ பிரிவில், நுழைவிசைவு எண் கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து மனு பரிசீலனையில் இருந்த காலம் கழிக்கப்படும். பிள்ளை ஓராண்டிற்குள் வதிவுரிமை பெறுவதற்கான நடவடிக்கையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, எண் கிடைக்கும்போது வயது 21 ஆண்டு 4 மாதம் என்றும், மனு பரிசீலனையில் 6 மாதம் இருந்தது என்றும் கொண்டால், கணக்கிடப்படும் வயது 20 ஆண்டு 10 மாதம் ஆகும். காத்திருப்பு வரிசையில் கழிந்த ஆண்டுகள் கழிக்கப்படுவதில்லை. பிள்ளை திருமணம் செய்துகொண்டால் இப்பாதுகாப்பு பயன்படாது.

நடைமுறை

ஐ-130 மனுவைக் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைகள் முகமை பரிசீலிக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மனுதாரரின் திருமணச் சான்றிதழ், இருவரின் முந்தைய திருமணங்கள் முடிவுற்றதற்கான மணமுறிவுத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ் ஆகியவை தேவை. தமிழர்களின் ஆவணங்களில் தலைப்பெழுத்து ஒன்றில் விரித்தும் மற்றொன்றில் சுருக்கியும் எழுதப்படுவதுண்டு. பள்ளிச் சான்றிதழில் மாற்றாந்தந்தையின் பெயரே தந்தை பெயராக இடம்பெற்றிருந்தால் அது பிறப்புச் சான்றிதழுடன் முரண்படும். இவற்றை முன்னரே சரிசெய்வது நல்லது.

மனு ஏற்கப்பட்டு, பிள்ளை வெளிநாட்டில் இருந்தால், கோப்பு நியூ ஹாம்சயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரிலுள்ள தேசிய நுழைவிசைவு மையத்திற்குச் செல்லும். பின்னர் மருத்துவப் பரிசோதனையும் தூதரக நேர்காணலும் நடைபெறும். 16 வயது நிரம்பியவர்கள் காவல்துறைச் சான்றிதழும் அளிக்க வேண்டும்.

மனுதாரர் ஐ-864 எனப்படும் ஆதரவு உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும். அவரது வருமானம் பொதுவாக வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மணமுறிவினால் மட்டும் இப்பொறுப்பு நீங்குவதில்லை.

மற்றப் பெற்றோர் உயிருடன் இருந்தால், பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல அவரது ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ பிறந்த நாட்டுச் சட்டப்படி தேவைப்படலாம். அமெரிக்க மனு ஏற்கப்பட்டது என்பது பிள்ளைப் பொறுப்புரிமையைத் தீர்மானிக்காது.

பிள்ளை வந்து சேரும்போது திருமணம் நடந்து இரண்டு ஆண்டுகள் நிறைவடையவில்லை எனில், இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனை வதிவுரிமை மட்டுமே வழங்கப்படும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்கக் கோர வேண்டும்.

கே-2 வழி

குடிமகனை மணக்கவிருப்பவர் கே-1 நுழைவிசைவில் வரும்போது, அவருடைய 21 வயது நிரம்பாத பிள்ளை கே-2 நுழைவிசைவில் வரலாம். வந்த 90 நாட்களுக்குள் திருமணம் நடைபெற வேண்டும். இவ்வழியில் திருமண நாளில் 18 வயதுக்குட்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆகவே 18 முதல் 20 வயது வரையுள்ள பிள்ளைக்கு, திருமணத்திற்கு முன்பே இவ்வழியைத் தேர்ந்தெடுப்பது பயன்தரும். திருமணம் முடிந்தபின் இவ்வாய்ப்பு இல்லை.

குடியுரிமை

குடிவரவுக்குப் பிள்ளையாகக் கருதப்படுபவர், குடியுரிமைக்கு அவ்வாறு கருதப்படுவதில்லை. 2001 பெப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த குழந்தைக் குடியுரிமைச் சட்டம், குடிமகனான பெற்றோரின் பொறுப்பில் அந்நாட்டில் வாழும், 18 வயது நிரம்பாத நிரந்தர வதிவாளருக்குத் தானாகவே குடியுரிமை வழங்குகிறது. பெற்ற பிள்ளைக்கும் தத்துப் பிள்ளைக்கும் இது பொருந்தும். தத்தெடுக்கப்படாத துணைவரின் பிள்ளைக்குப் பொருந்தாது. தத்தெடுப்பும் பொதுவாக 16 வயதுக்கு முன் நிறைவடைந்திருக்க வேண்டும்.

மற்றொரு வழி பெற்ற தாயின் அல்லது தந்தையின் குடியுரிமையாகும். குடிமகனின் துணைவர் பொதுவாக மூன்று ஆண்டு வதிவுக்குப்பின் குடியுரிமை பெறலாம். 14 வயது மகனுடன் வரும் தாய் அவனுக்கு 18 வயது நிரம்புமுன் குடியுரிமை பெற்றால் மகனும் குடிமகனாவான். 16 வயது மகனுடன் வருபவருக்கு அக்கால அவகாசம் போதாது. மகன் 18 வயதுக்குப்பின், ஐந்து ஆண்டு வதிவை நிறைவுசெய்து தானே விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வேறுபாட்டை அறியாமை கடுமையான விளைவுகளைத் தரக்கூடும். மாற்றாந்தந்தை குடிமகன் என்பதால் தாமும் குடிமகன் என எண்ணி வாக்களிப்பவரோ, குடிமகன் எனப் படிவத்தில் குறிப்பிடுபவரோ நாடுகடத்தல் நடவடிக்கைக்கு உள்ளாகலாம். பிள்ளை வந்து சேர்ந்த ஆண்டிலேயே அவரது குடியுரிமை நிலையை உறுதிசெய்துகொள்வது இதனால் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* நிரந்தர வதிவுரிமை
* தத்தெடுப்பு
* ஐக்கிய அமெரிக்கக் குடியுரிமை