மாறாததும் அசையாததும்

மழை பொய்க்காத நாளில், தலவாக்கலைக்கருகே டெவோன் நீர்வீழ்ச்சியை நேற்றுப் பார்த்தவரும் இன்று பார்ப்பவரும் ஒரே காட்சியைத்தான் காண்கின்றனர். காற்றில்லாத விடியலில் நுவரெலியா கிரகரி வாவியும் அப்படியே. ஆயின் இரண்டையும் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால், வாவி வாவியாகவே இருக்கும், அருவியோ மலையேறும். பொதுச் சார்புக் கோட்பாடு காலவெளியைப் பற்றிச் சொல்லும் முக்கியமான வேறுபாடும் இதுதான். காலத்தோடு மாறாத காலவெளி 'மாறாதது'; காலத்தைத் திருப்பினாலும் மாறாதிருப்பது மட்டுமே 'அசைவற்றது'.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் சமன்பாடுகளை வெளியிட்டார். ரஷ்யப் போர்முனையில் பணியாற்றிய ஜெர்மன் வானியலாளர் கார்ல் சுவாட்சைல்ட், சுழலாத கோளமொன்றின் வெளிப்புற ஈர்ப்புக்கு முதற்தீர்வைக் கண்டார். 1916 ஜனவரியில் அது பெர்லின் அகாதமியில் சமர்ப்பிக்கப்பட்டது. மே மாதம் அவர் மறைந்தார். அவர் கண்டது அசைவற்ற காலவெளி. 1917இல் ஐன்ஸ்டைன் பிரபஞ்சம் முழுவதையுமே அசைவற்றதாகக் கருதி, அதற்கென ஒரு மாறிலியைச் சேர்த்தார். சிறு சலனத்திலும் அந்தப் பிரபஞ்சம் குலைந்துவிடும் என்று 1930இல் எடிங்டன் காட்டினார். 1963இல் நியூசிலாந்தின் ரோய் கெர், சுழலும் கருந்துளைக்குரிய தீர்வைத் தந்தார். அது அருவியின் இனம்: மாறாதது, ஆனால் அசைவது.

இவ்வேறுபாட்டின் விளைவை 1968இல் தெளிவாக்கியவர் பெங்களூரில் பிறந்த சி. வி. விஸ்வேஷ்வரா. அசைவற்ற காலவெளியில், ஓரிடத்தில் நிற்க இயலாமற்போகும் எல்லையும் போனால் மீள முடியாத எல்லையும் ஒன்றே. சுழலும் கருந்துளையில் அவை பிரிந்துவிடுகின்றன. இடைப்பட்ட பகுதியில் எவரும் நிற்க முடியாது; ஆனால் வெளியேறலாம்.

இது தொலைவானில் மட்டும் நிகழும் சங்கதியன்று. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஒரு கடிகாரம், கொழும்புக் கடற்கரையில் உள்ளதைவிட ஆண்டுக்குச் சுமார் 6 மைக்ரோ செக்கன் முந்தி ஓடும். பூமியைச் சூழ்ந்த காலவெளி ஏறக்குறைய மாறாதிருப்பதால்தான் இந்த வேறுபாடு ஆண்டுதோறும் ஒரே அளவில் நீடிக்கிறது.

அதே லயம், அதே பிரட்டு, அதே கொழுந்து என்று மலையகத்தை அசைவற்ற உலகாகச் சித்திரிப்போர் உண்டு. 1948இல் அம்மக்களில் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தின் பின் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். இந்தப் படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அதே கதை வராது. காட்சி மாறவில்லை என்பதால் அசைவில்லை என்று முடிவுகட்டுவது பௌதிகத்திலும் பிழை, வரலாற்றிலும் பிழை.