நெல்வயலின் கார்பன் கணக்கு: காவிரிப் படுகையின் இரு காலங்கள்

காற்றில் கலக்கும் பசுமை இல்ல வாயுக்களின் அளவும், மண்ணும் மரமும் பிற வழிகளும் காற்றிலிருந்து மீட்டெடுக்கும் அளவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலையே நிகரச் சுழிய உமிழ்வு எனப்படுகிறது. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை இந்நூற்றாண்டின் பிற்பாதியில் இச்சமநிலையை எட்டுவதை உலகின் இலக்காக வைத்தது. 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா 2070ஐத் தன் இலக்காண்டாக அறிவித்தது. மின்சாரத்திற்கும் போக்குவரத்திற்கும் மாற்று வழிகள் ஓரளவு புலப்பட்டுவிட்ட இந்நாளில், பயிர், கால்நடை, மண்ணுயிர் ஆகியவற்றின் இயக்கத்தையே அடித்தளமாகக் கொண்ட வேளாண்மை அவ்விலக்கை எட்டுமா என்பது தீராத வினாவாக நிற்கிறது. காவிரிப் படுகையின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. ஏனெனில் அங்கு எழும் உமிழ்வில் ஒரு பகுதி நெற்பயிரோடு தொன்றுதொட்டு வந்தது, மற்றொரு பகுதி கடந்த அறுபது ஆண்டுகளில் வந்து சேர்ந்தது.

கல்லணையின் காலந்தொட்டே படுகையின் வேளாண்மை தேங்கிய நீரைச் சார்ந்தது. நீர் நின்ற வயலின் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தபின், காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேர்க்கழிவையும் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அவ்வாயுவின் பெரும்பகுதி நெல்லின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 27 டன் கரியமில வாயுவுக்கு இணையான வெப்பத்தைத் தேக்குகிறது. எனவே பழைய வேளாண்மை உமிழ்வே அற்றதாக இருந்தது என்று கொள்வதற்கு இடமில்லை. எனினும் அம்மீத்தேனில் இருந்த கார்பன், பயிர் காற்றிலிருந்தே எடுத்த கார்பன். பன்னிரண்டு ஆண்டளவில் அது சிதைந்து மீண்டும் அதே சுழற்சியில் சேர்ந்தது. வயலுக்கான ஊட்டமும் அருகிலிருந்தே வந்தது: கொழிஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுதனர், புங்கந்தழையும் எருக்கந்தழையும் சேற்றில் மிதித்தனர், கோடையில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் எனப்படும் இடையர்கள் ஓட்டிவந்த ஆடுகளை அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டனர். இச்சுழற்சியிலும் குறை இருந்தது. ஆங்கில அரசின் சார்பில் இந்திய வேளாண்மையை ஆராய்ந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1893இல் வெளியிட்ட அறிக்கையில், விறகுப் பஞ்சத்தால் சாணம் அடுப்பில் எரிந்து வயலுக்குப் போகாமல் வீணாவதை எடுத்துக்காட்டினார்.

இரண்டாம் காலத்திற்கு வழி திறந்தது 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை. அதன் நீர்த்தேக்கம் குறுவைக்கு உறுதியளித்தது. கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புன்செய் நிலங்களும் நன்செய் ஆயின. நீர் நிற்கும் பரப்பும் நாளும் பெருகியதால் மீத்தேனும் பெருகியது. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூர் முதல் ஏழு மாவட்டங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. விதை, உரம், கடன், ஆலோசனை ஆகிய அனைத்தையும் ஒருசேர வழங்கியதால் அது பேக்கேஜ் திட்டம் என்றே வழங்கியது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆய்வு நிலையம் வெளியிட்ட ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் இரசாயன உரத்தை ஏற்று விளைந்தது. அவ்வுரத்தின் தழைச்சத்து, இயற்கை எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருளைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் ஆலைகளிலிருந்து வந்தது. பயிர் உட்கொள்ளாத தழைச்சத்தின் ஒரு பங்கு, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 273 மடங்கு வெப்பந்தேக்கும் நைட்ரஸ் ஆக்சைடாக மாறியது. பின்னர் மாடு இழுத்த ஏரின் இடத்தை டீசல் டிராக்டர் பிடித்தது. ஆற்றுநீர் வராத நாளில் பம்புசெட்டுகள் நிலக்கரி மின்சாரத்தால் நிலத்தடி நீரை இறைத்தன. இந்த மாற்றம் பஞ்சத்தை விரட்டியது என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. அதே வேளையில், நிலத்தடியில் புதைந்திருந்த கார்பன் நெல்லின் கணக்கில் முதன்முறையாக ஏறியதும் அப்போதுதான்.

இவ்விரு வகை உமிழ்வையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடலாமா என்ற பூசல் 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. மேலைநாட்டு வயல்களின் அளவீடுகளை வைத்து, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் உமிழ்வதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் மதிப்பிட்டது. 1991இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் இந்திய வயல்களிலேயே நடந்த அளவீடு, உண்மை அளவு 40 இலட்சம் டன்னை ஒட்டியது எனக் காட்டியது. அதே ஆண்டில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், உயிர்வாழ்வதற்கான உமிழ்வையும் ஆடம்பரத்திற்கான உமிழ்வையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என வாதிட்டனர். அந்த வாதம் இன்றும் வலுவிழக்கவில்லை.

மீத்தேனைக் குறைக்கும் வழி படுகைக்குப் புதியதன்று. 1910களிலேயே சென்னை மாகாண வேளாண் துறை ஒற்றை நாற்று நடவைப் பரப்பியது. அகன்ற இடைவெளிவிட்டு வரிசையாக நடும் கஜா நடவும் அக்காலத்தில் அறியப்பட்டது. விதையை மிச்சப்படுத்தி விளைச்சலைப் பெருக்குவதே அவற்றின் நோக்கம். 1980களில் மடகாஸ்கரில் அருட்தந்தை லௌலானியே உருவாக்கிய முறை, 2000க்குப் பின் தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் பரவியபோது, நீர் மறைய நீர் கட்டுதல் அதன் அங்கமாயிற்று. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும்போது மண்ணுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. இந்தியாவின் தேசிய உமிழ்வுக் கணக்கீட்டில் பயன்பட்ட அளவுகளின்படி, இடைவிடாது நீர் நிற்கும் ஒரு எக்டேர் நெல்வயல் ஒரு பருவத்தில் 162 கிலோ மீத்தேன் உமிழ்கிறது. ஒருமுறை காயவிட்டால் அது 66 கிலோவாகவும், பலமுறை காயவிட்டால் 18 கிலோவாகவும் குறைகிறது.

எஞ்சிய உமிழ்வை மண் ஈடுசெய்யுமா என்பதே அடுத்த வினா. 162 கிலோ மீத்தேன் ஏறத்தாழ 4.4 டன் கரியமில வாயுவுக்கு இணை. அதை ஈடுசெய்ய ஒரு எக்டேர் மண் ஒவ்வொரு பருவத்திலும் 1.2 டன் கார்பனைப் புதிதாகச் சேர்க்க வேண்டும், அது எந்த நெல்வயலும் தொடர்ந்து தாங்கக்கூடிய அளவன்று. 18 கிலோவுக்கு 130 கிலோ கார்பன் போதும். தொழுவுரமும் பசுந்தாளும் பெறும் வயலில் அது சில காலம் கைகூடும். ஆனால் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதலும், கோயம்புத்தூரில் 1909 முதலும் நடந்துவரும் நெடுங்கால உரச் சோதனைகளைப் போன்றவை உணர்த்துவது இதுதான்: எருவிட்ட மண்ணில் கார்பன் முதலில் விரைந்து ஏறி, பின்னர் மெதுவாகி, ஒரு வரம்பை நெருங்கி நின்றுவிடுகிறது, எருவை நிறுத்தினால் சேர்ந்ததும் கரையத் தொடங்குகிறது. ஆண்டுதோறும் எழும் உமிழ்வை என்றோ நிறைந்துவிடும் சேமிப்பைக் கொண்டு முடிவின்றி ஈடுகட்ட இயலாது. மேலும், மண்ணுக்குச் சத்தாகும் என்று பச்சை வைக்கோலைச் சேற்றில் மடக்கினால் மீத்தேன் கூடுகிறது. வயலை அடிக்கடி காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுகிறது. கடைமடையின் களிமண் வயல்களில், அடைமழைக் காலத்துச் சம்பாவை விரும்பிய நாளில் காயவிடுவதும் விவசாயியின் கையில் இல்லை.

ஆகவே, நெல் விளைவிக்கும் படுகை தன் எல்லைக்குள் எல்லா வாயுக்களுக்கும் நிரந்தரமான நிகரச் சுழியத்தை எட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பாகும். நியூசிலாந்து 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2050க்கான நிகரச் சுழிய இலக்கிலிருந்து உயிரின வழி மீத்தேனை விலக்கி, அதற்குத் தனியான குறைப்பு இலக்கை வைத்ததும் இவ்வுண்மையை ஏற்றே. காவிரிப் படுகைக்கும் அத்தகைய இரட்டைக் கணக்கே பொருந்தும். இரண்டாம் காலத்தில் வந்து சேர்ந்த எரிபொருள் உமிழ்வைச் சூரிய ஒளி பம்புசெட்டும், தூய மின்சாரத்தில் ஆக்கிய உரமும், பசுந்தாளும் ஏறக்குறைய முழுதாகவே நீக்கக்கூடும். அதற்குச் சுழிய இலக்கு வைப்பது நியாயம். முதற்காலத்திலிருந்து வரும் மீத்தேனுக்கும், உரம் எதுவாயினும் எஞ்சும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும், பாதியாகவோ அதனினும் கீழாகவோ குறைக்கும் இலக்கே மெய்யானது. அந்தக் குறைப்பும் விவசாயியின் தனி முயற்சியால் வருவதன்று: வாய்க்காலில் முறைவைத்து உரிய நாளில் நீர் வர வேண்டும், வடிகால்கள் தூர்வாரப்பட வேண்டும், வயலைக் காயவிடுவதால் நேரும் இடரை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும். மேட்டூர் அணையையும் பேக்கேஜ் திட்டத்தையும் அரசே முன்னின்று கொண்டுவந்ததால்தான் படுகை தன் வேளாண்மையை ஒரே தலைமுறையில் மாற்றிக்கொண்டது. அதே அளவுப் பொறுப்பை அரசு மீண்டும் ஏற்காமல், சுழியம் என்ற இலக்கை மட்டும் விவசாயியின் தோளில் சுமத்துவது அறமாகாது.