லயத்துக்குள் வந்த செய்தி: ஊவாத் தோட்டங்களில் இதழியலும் தேர்தலும், 1924–2025

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களுக்குள் பத்திரிகைக்காரர் காலெடுத்து வைப்பதே ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. தோட்டம், துரை எனப்பட்ட முகாமையாளரின் ஆட்சிக்கு உட்பட்ட தனியார் நிலம். அனுமதியின்றி நுழைபவர் மீது அத்துமீறல் வழக்குப் பாயும். பசறை, ஹப்புத்தளை, பண்டாரவளை மலைகளில் கொழுந்து பறித்தவர்களுக்கு வெளியுலகச் செய்தி கங்காணி வழியாக வந்தது. அவர்களைப் பற்றிய செய்தியும் அதே வழியாகத்தான் வெளியே போனது. எனவே இப்பகுதியின் இதழியல் வரலாற்றை அச்சுக்கூடத்திலிருந்து தொடங்க முடியாது. தோட்டத்து வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வாசலைத் திறக்க இதழாளர்கள் எடுத்த முயற்சியையும், அது தேர்தலோடும் நிர்வாகத்தோடும் இணைந்த விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் பெயர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த இவர், தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் அறியத் துணி வியாபாரியாக வேடமிட்டு உள்ளே புகுந்ததைச் சாரல்நாடன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1924இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சட்டசபை உறுப்பினரானார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். எழுத்து, சங்கம், தேர்தல் மூன்றும் அவருக்கு ஒரே வேலை. அவர் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகப் பாடினார். அப்பாடல்கள் சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில், பத்திரிகை எட்டாத இடத்தைப் பாட்டு எட்டியது. சமூகத்தோடு இணைந்த இதழியல் என்று இன்று பயிற்சிப் பட்டறைகளில் பேசப்படுவதை இந்த இணையர் நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள் என்பது என் துணிபு.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. ஆனால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு நிரந்தர வதிவிட நிபந்தனைகள் குறுக்கே நின்றன. ஊவாவில் இதன் பின்னான பத்தாண்டு கொந்தளிப்பானது. 1940இல் பதுளைப் பகுதியின் வேவஸ்ஸ தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சி சார்ந்த சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அதைக் கலந்தே நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. வாக்காளர் பட்டியலில் பலருக்குப் பெயரே இல்லாத காலத்தில், லயத்து மக்கள் தம் அளவில் நடத்திய தேர்தல் அது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றபோது, அவற்றில் ஒன்று பதுளை, எஸ். எம். சுப்பையா அங்கிருந்து பாராளுமன்றம் போனார்.

அந்தக் குரல் ஒரு தவணைக்கு மேல் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் பெரும்பாலான தோட்ட மக்களின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவர் வாசலுக்கு வேட்பாளர் வரவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டபோது, அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இந்த இருண்ட காலத்தில் மலையக இதழியல் இலக்கியத்தின் பக்கம் சாய்ந்தது. வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் நடத்திய 'தோட்ட மஞ்சரி' பக்கம் மலையக இளைஞர்களை எழுத வைத்தது. அரசியல் வாய் கட்டப்பட்ட மக்களுக்கு அது பெரிய கொடை.

1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடு வாக்குரிமை திரும்பி வந்தது. ஆனால் கையில் வாக்குச்சீட்டு வந்ததும் ஆட்சி வந்துவிடவில்லை. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து கைமாறி லயத்துக்குப் போகும். வாக்காளர் அட்டையும் அப்படித்தான். வாக்களிக்க அடையாள ஆவணம் கட்டாயமானபோது, தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் மேலும் ஒதுக்கப்பட்டார்கள். 1997இல் சுதந்திர ஊடக இயக்கம் பங்காளியாக இருந்து உருவாக்கிய தேர்தல் வன்முறைக் கண்காணிப்பு நிலையமும், பெஃப்ரல் அமைப்பும் இலங்கைத் தேர்தல்களுக்குக் கண்காணிப்பு முறையை ஏற்படுத்தின. வன்முறையையும் மோசடியையும் பதிவு செய்வதில் இவற்றின் பணி பெரிது. தேர்தல் முடிந்த மறுநாள் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

அந்தக் கேள்வியின் நடுநரம்பு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிட அது தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள்; அந்தச் சபையால் அவர்கள் லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்த முடியாதிருந்தது. மூன்று தசாப்தங்கள் இந்த நிலை நீடித்து, 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

இதழியல் எங்கே சறுக்கியது என்பதை 2014 காட்டுகிறது. அவ்வாண்டு செப்டெம்பர் 20 அன்று ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. கொழும்பு ஊடகங்கள் அதை வரவிருந்த ஜனாதிபதித் தேர்தலின் முன்னோட்டமாகவே வாசித்தன. வேட்பாளர் ஹரின் பெர்னாண்டோ பெற்ற விருப்பு வாக்குகளை நாடே பேசியது. அடுத்த மாதம் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த செய்தி பிணங்களைத் தேடும்போதுதான் ஊரெல்லாம் பரவியது. அந்த எச்சரிக்கையைத் தேர்தல் மேடையில் ஒரு வேட்பாளரிடம் நீட்டி, "இந்த மக்களை எப்போது இடம்மாற்றுவீர்கள்?" என்று நாடறியக் கேட்டிருந்தால், அதுவே அந்தத் தேர்தலின் மிகப் பெரிய செய்தியாக இருந்திருக்கும். எஞ்சியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் வீடுகள் கிடைத்தது 2016இல்.

உள்ளூரில் சுதந்திரமாக நிலைகொண்ட ஊடகம் இல்லாததும் இந்தச் சறுக்கலுக்கு ஒரு காரணம். பதுளையில் 2003இல் ஊவா சமூக வானொலி தொடங்கப்பட்டது. ஆனால் இலங்கையின் சமூக வானொலிகள் அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடைக்குள் இருந்தவை. அரசைக் கேள்வி கேட்கும் தேர்தல் காலத்தில் அந்தக் குடையே சுமையாகிவிடும்.

மறுபுறம் 2018 ஜனவரியைச் சொல்ல வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், பதுளைத் தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபரை மாகாண முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க முழங்காலிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முதலில் மறுக்கப்பட்ட செய்தி ஊடகங்களின் விடாப்பிடியால் வெளிச்சத்துக்கு வந்தது. மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பை அவர் துறக்க நேர்ந்தது. பதுளை நகரத்துப் பாடசாலை என்பதால் செய்தியாளர்கள் உடனே போக முடிந்தது. இதே போன்றது லுணுகலைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் நடந்திருந்தால் வெளியே வந்திருக்குமா என்பது ஐயமே.

கருவிகள் இப்போது கையில் உள்ளன. தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேட்பாளர் தகுதிக்கு எட்டு அளவுகோல்களை முன்வைத்த மார்ச் 12 இயக்கம் 2015இலிருந்து இயங்குகிறது. 2024 பொதுத் தேர்தலில் அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்தும் கிருஷ்ணன் கலைச்செல்வி நுவரெலியாவிலிருந்தும் தெரிவாகி, பாராளுமன்றத்தில் மலையகத் தமிழ்ப் பெண்களின் இடத்தைத் திறந்தார்கள். 2025 மே 6 அன்று தெரிவான பிரதேச சபைகளுக்குத் தோட்டத்தில் செலவிட இனிச் சட்டத் தடை இல்லை.

ஆகவே ஊவாவின் இதழாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தகவலறியும் விண்ணப்பம் ஒன்றில் தங்கள் பிரதேச சபை தோட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் செலவிட்ட தொகையையும் கேளுங்கள். வந்த பதிலை, தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் மக்கள் முன் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பிரதேச சபைக்கு வெளியே, உரிய அதிகாரிகளிடம் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: 2014 செப்டெம்பருக்குப் பிறகு ஊவா மாகாண சபைக்குத் தேர்தல் ஏன் நடக்கவில்லை?