வர்த்தக சபை எதற்கு? அப்பாவின் சந்தா ரசீதும் கொஞ்சம் சரித்திரமும்

மேற்குத் தாம்பரத்தில் என் அப்பா சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பெயின்ட், பைப், ஆணி, பூட்டு, இந்த மாதிரி. போன மாதம் கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வணிகர் சங்கத்தின் சந்தா ரசீது ஒன்று கண்ணில் பட்டது. பி.காம். படிக்கிற திமிரில், "இதனால நமக்கு என்னப்பா வருமானம்?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி கடை வாசல்ல பள்ளம் தோண்டிட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? நான் தனியா மூணு தடவை போய் நின்னேன். ஏன்னு கேக்க ஆள் இல்ல. அப்புறம் தெருக் கடைக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சங்கத்து லெட்டர்பேடுல மனு போச்சு. நாலாம் நாள் பலகை போட்டாங்க. அதுக்குத்தான்டா சந்தா."

எங்கள் பாடப் புத்தகத்தில் 'சேம்பர் ஆஃப் காமர்ஸ்' பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. ஒரே தொழில் செய்பவர்கள் கூடினால் அது தொழில் சங்கம். ஒரு வட்டாரத்தின் எல்லாத் தொழில்காரர்களும் கூடினால் அது வர்த்தக சபை. தேர்வுக்கு இது போதும். ஆனால் அப்பா சொன்ன பள்ளத்தின் கதை அந்த அரைப் பக்கத்தில் இல்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உலகத்தின் முதல் வர்த்தக சபை என்று 1599-ல் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் தொடங்கியதைச் சொல்கிறார்கள். நம் ஊருக்கு அது வந்து சேர 200 வருடங்களுக்கு மேல் ஆனது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரத்தை நிறுத்தி, அதை ஆட்சி நடத்தும் அமைப்பாக மட்டும் ஆக்கியது. வியாபாரம் தனியார் கைக்கு வந்தது. அவர்களுக்கு அரசாங்கத்திடம் பேச ஒரு குரல் வேண்டுமே! அடுத்த மூன்று வருடங்களில் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று வரிசையாகச் சபைகள் வந்தன. சென்னை வர்த்தக சபை பிறந்தது 1836 செப்டம்பர் 29-ல். முதல் தலைவர் ஆர்பத்நாட் கம்பெனியைச் சேர்ந்த ஜான் ஆல்வ்ஸ் ஆர்பத்நாட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அது நீண்ட காலம் வெள்ளைக்கார வியாபாரிகளின் சபையாகவே இருந்தது. பலம் என்றால் சாதாரண பலம் இல்லை. சென்னைத் துறைமுகத்தை நிர்வகித்த குழுவுக்கே அது தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. கப்பல் கூலியும் சரக்குக் கட்டணமும் பேசப்படும் மேஜையில் அவர்களுக்கு நாற்காலி இருந்தது. நம் ஆட்கள் வெளியே நின்றார்கள்.

1906 அக்டோபர் 22 அன்று அதே ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஓய்வூதியக்காரர், விதவை, வக்கீல், சிறு வியாபாரி என்று ஆயிரக்கணக்கானோர் போட்டு வைத்த பணம் போனது. கம்பெனியை நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். ஆனால் அவரைச் சிறையில் போட்டதால் போன பணம் திரும்பி வந்துவிடுமா? வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதில் 1907-ல் இந்தியன் வங்கி தொடங்கியது. நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம்.

அதே சுதேசிக் காற்றில் 1909-ல் தென்னிந்திய வர்த்தக சபை உருவானது. முதல் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார். நாம் தாம்பரத்தில் ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, தீபாவளித் துணி எடுக்கிறோமே, அந்தத் தியாகராய நகர் இவர் பெயரில் உள்ளதுதான். 1920-ல் சென்னை மாகாண சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது இந்தச் சபைக்கும் தனி இடம் இருந்தது. உள்ளே விடவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்காமல், தங்களுக்கென்று ஒரு சபையைக் கட்டினார்கள். 11 வருடத்தில் நாற்காலி கிடைத்தது.

நம் பகுதிக்கும் தொழிலுக்கும் உள்ள உறவும் பழையது. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால். அதை நிறுவியவர் பெயர் சேம்பர்ஸ்! (சேம்பர் ஆஃப் காமர்ஸுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை :-) ) 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1984-ல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஏற்றுமதி செய்பவர்களுக்கு, சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் 'பிறப்பிடச் சான்றிதழ்' பல சமயம் தேவைப்படும். அதைத் தரும் அதிகாரம் பெற்ற அமைப்புகளில் வர்த்தக சபைகளும் உண்டு. 1923-ல் ஜெனீவாவில் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. போட்டிக் கம்பெனிகள் எல்லாம் உறுப்பினராக இருப்பதால் சபையின் முத்திரைக்கு நம்பகம் அதிகம்.

அப்பா மாதிரிச் சில்லறைக் கடைக்காரர்களுக்கு இந்தப் பெரிய சபைகள் தூரம். அவர்களுக்கு வணிகர் சங்கங்கள்தான் வர்த்தக சபை. வருடந்தோறும் மே 5-ல் கடைகளுக்கு லீவு விட்டு மாநாட்டுக்குப் போகிறார்களே, அந்தச் சங்கங்கள். 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று இவர்கள் அறிவித்தது நாடு முழுக்கச் செய்தியானது. ஒரு பெட்டிக்கடை தனியாக அறிவித்திருந்தால் தெருக்கோடிக்குக்கூடத் தெரிந்திருக்காது.

இது வரைக்கும் எழுதிவிட்டு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதே சங்கம் போன வருடம் இன்னொரு மனு கொடுத்தது: நடைபாதைக் கடைகளை எடுக்க வேண்டும் என்று. எங்கள் கடைப் படிக்குப் பக்கத்தில் பூ விற்கிற அம்மாவும் அதில் அடக்கம். அப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

1836-ல் நாற்காலி பிடித்தவர்கள் 1909-ல் வந்தவர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். இப்போது நாம் யாரை நிறுத்தி வைத்திருக்கிறோம்? 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒரு விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த 40 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். வணிகர் சங்கங்களுக்கும் அதே குழுவில் இடம் உண்டு. அதாவது அப்பாவும் பூக்கார அம்மாவும் ஒரே மேஜையில் உட்காரச் சட்டம் வழி செய்திருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அவங்களால என் கடை வாசல் மறையுதேடா" என்றார். அதுவும் உண்மைதான், மறைகிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பள்ளம் தோண்டினப்ப அவங்களுக்கும்தான் பத்து நாள் வியாபாரம் போச்சு. அந்த மனுவுல அவங்க கையெழுத்த நாங்க வாங்கல" என்றார்.

சந்தா ரசீதை 'பொதுச் செலவு' என்று எழுதிவிட்டேன். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனியும் பள்ளங்கள் தோண்டுவார்கள், மனுக்களும் போகும். அடுத்த மனுவில் அந்த அம்மாவின் கையெழுத்தையும் வாங்க அப்பாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். பார்க்கலாம்!