ஒரு ராத்திரிக் கடலும் எட்டணா டிக்கெட்டும்

எங்க வீரபாண்டியில (தேனிப் பக்கம் கௌமாரியம்மன் கோயில் இருக்கே, அந்த வீரபாண்டி இல்லீங்க. இது திருப்பூர் - பல்லடம் ரோட்டுல இருக்கறது) பனியன் பெட்டி ஏத்தின கண்டெய்னர் கிளம்பினா, பெரும்பாலும் அது போற இடம் தூத்துக்குடி. அங்கேயிருந்து ஃபீடர்னு சொல்ற சின்னக் கப்பல்ல கொழும்பு. கொழும்புல பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா, அமெரிக்கா. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல சுமார் 150 கடல் மைல். பனியன் பெட்டிக்கு இது ஒரு ராத்திரி வேலை. இந்த ஒரு ராத்திரிக் கடலுக்காக நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த சண்டையைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

1876ல் ரயில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அதுக்கப்புறம் சென்னையில் ரயில் ஏறி, தூத்துக்குடியில் கப்பல் மாறி கொழும்பு போகலாம். 'போட் மெயில்'னு பேர் வந்தது இப்படித்தான். ராமேஸ்வரம் போகிற ரயிலைத்தான் நமக்கு அந்தப் பேரில் தெரியும், ஆனா அது 1914க்குப் பிறகு வந்த கதை.

கப்பல் மாறுவதுன்னு சுலபமா எழுதிட்டேன். அன்றைய தூத்துக்குடியில் கரையோரக் கடல் ஆழம் கம்மி. கப்பல் சில மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில் அதுவரைக்கும் போய், அலையில் ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற கப்பலுக்கு மூட்டை முடிச்சோட ஏறணும். வசதி உள்ளவனுக்கு கேபின். மத்தவங்களுக்கு மேல்தளம்தான், வானமே கூரை. தென்மேற்குப் பருவக்காத்து நேரத்தில் மன்னார் வளைகுடா எப்படி இருக்கும்னு அந்தப் பக்கத்து மீனவர்களைக் கேட்டால் சொல்வாங்க. அப்படி ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு போனவர்களில் பெரும் பகுதி இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள். நம்ம ஆளுங்க.

இந்தக் கடலை ஆண்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி (சுருக்கமா பி.ஐ.). அவங்க வச்சதுதான் கட்டணம். இதை உடைக்கத்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு பண்ணினார். மூலதனம் பத்து லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தரே இரண்டு லட்சத்துக்கு 8,000 பங்கு வாங்கினார். 1906ல் இரண்டு லட்சம்னா இன்னைக்கு எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒண்ணுகிட்ட வாடகைக்குக் கப்பல் எடுத்தாங்க. பி.ஐ. மிரட்டியதும் அந்தக் கப்பல் பறிபோனது. சொந்தமா கப்பல் இல்லாம இது ஆகாதுன்னு வ.உ.சி. பம்பாய்க்கே போனார். 1907ல் எஸ்.எஸ். காலியா வந்தது, அப்புறம் எஸ்.எஸ். லாவோ.

பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே பி.ஐ., சும்மாவே ஏறிக்கோ, கூடவே ஒரு குடையும் இலவசம் என்றது! பள்ளிக்கூடத்தில் இந்தக் குடைக் கதையை ஒரு சிரிப்புத் துணுக்கு மாதிரி சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு இப்போ சிரிப்பு வரலை. மென்பொருள் துறையில் இருக்கிற யாருக்கும் இந்த ஃபார்முலா தெரியும். பெரிய கம்பெனி பொருளை இலவசமாகக் கொடுக்கும், சின்னக் கம்பெனி சாகும்வரைக்கும் கொடுக்கும், அப்புறம் விலை ஏறும். நஷ்டத்தை யார் அதிக நாள் தாங்க முடியும்கிறதுதான் போட்டி. பி.ஐ.க்கு உலகம் பூராவும் வேற ரூட் இருந்தது. சுதேசிக்கு இருந்தது இந்த ஒரு ராத்திரிக் கடல் மட்டும்தான்.

போதாததுக்கு அரசாங்கமும் எதிர்ப்பக்கம். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை கேட்டாங்க, ஜெயிச்சாங்க, பின்னால் நின்றது வ.உ.சி. மார்ச் 12ந்தேதி கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார் (மேல்முறையீட்டில் குறைந்தது). அவர் செக்கிழுத்தது நம்ம கோயம்புத்தூர் ஜெயிலில். வீரபாண்டியிலிருந்து பஸ்ஸில் போயிடலாம். இந்தக் காலகட்டத்தைப் பற்றி ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' அவசியம் படிங்க. 2024க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கிய புத்தகம்.

அவர் உள்ளே இருந்தபோதே கம்பெனி மூழ்கியது. 1911ல் மூடினாங்க. காலியா கப்பல் கடைசியில் பி.ஐ.க்கே விற்கப்பட்டது என்கிறார்கள். பங்குதாரர்களைத் துரோகின்னு திட்டுவது நம்ம மேடைகளில் வழக்கம். ஊர்ப் பணத்தைப் போட்டுவிட்டு, தலைவர் ஜெயிலில், எதிரி இலவசமாக ஓட்டுகிறான் என்றால் எத்தனை பேர் தாங்குவாங்க? எனக்குத் திட்ட மனசு வரலை.

அதே 1911 ஜூன் 17ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டபோது, ஆஷ் உட்கார்ந்து காத்திருந்தது இதே போட் மெயிலுக்குத்தான்.

1914ல் பாம்பன் பாலம் திறந்து, போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கேயிருந்து தலைமன்னார் கப்பலில் இரண்டு மணி நேரம்தான். 1964 புயலில் தனுஷ்கோடியும் போச்சு. 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் மறுபடி தூத்துக்குடி - கொழும்பு ராத்திரிப் பயணத்தை ஆரம்பித்தது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம், சுமார் 14 மணி நேரம். கூட்டம் சேரலை, நவம்பரிலேயே நின்றுபோனது. அதே 2011ல்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தார்கள்.