மூடிய அவையும் 250 பிரதிகளும்

சொந்தக் காசில் கதை நூல் அச்சிடுவோரைப் பதிப்பகங்கள் கழித்துவிட்டவர்கள் என்று ஏளனம் செய்வோர் உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

லண்டனில் வாழ்ந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் காளான்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றிய அவரது கட்டுரை 1897இல் லின்னேயன் சங்கத்தின் முன் வந்தது. பெண்களுக்கு அந்த அவையில் இடமில்லை. ஆய்ந்தவர் வெளியே நிற்க, வேறொருவர் அதை முன்வைத்தார். கட்டுரை அச்சேறவில்லை. பாட்டர் 1943இல் இறந்தார். சங்கம் வருத்தம் தெரிவித்ததோ 1997இல்.

அதே கூர்ந்த கண்தான் பீட்டர் முயலின் கதையையும் வரைந்தது. பதிப்பாளர்கள் மறுத்தனர். குழந்தையின் கைக்கு அடங்கும் சிறிய, மலிவான நூலே வேண்டும் என்பதில் அவர் இறங்கி வரவில்லை. 1901 டிசம்பரில் தம் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். முன்பு மறுத்த ஃபிரெடரிக் வார்ன் நிறுவனமே 1902இல் அதை வெளியிட்டது.

ஆனால் அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். நம் முன்னோடிகளுக்கு அந்த வசதி இல்லை. சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கியது கதை நூலன்று, வார இதழ். பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையும் அதுவே. யாருக்காக, என்ன விலையில் என்பதை இருவருமே பிறர் கையில் விடவில்லை.

அறிவியல் படித்துக்கொண்டே கதை எழுதும் நம் மாணவர்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். அச்சுச் செலவை அவர்கள் தலையில் மட்டும் சுமத்தாமல் கூட்டாகத் திரட்டுவது நம் கடமை.